மின்னல் வச்ச தீ, புகைக்கு யாரு பொறுப்பு?

அமெரிக்காவுல மின்னல் அடிச்சு காடு பத்திக்கிட்டா எல்லாத்தையும் உடனே அணைக்க மாட்டாங்க, கலிஃபோர்னியாவுல இருக்கிற யோசெமிட்டி தேசியப் பூங்காவுல 1972லேருந்தே சில தீயை கண்காணிச்சுக்கிட்டே எரிய விடுறாங்க, சருகும் காஞ்ச கட்டையும் குறைஞ்சா அடுத்த தீ அவ்வளவு மோசமா வராதுல்ல. ஆனா புகை எல்லை பாக்காதே! புகையில இருக்கிற பிஎம் 2.5ங்கிற ரொம்ப நுண்ணிய துகள் நேரா நுரையீரலுக்குள்ள போகும், ஆஸ்துமா இருக்கிற குழந்தைங்கள நெனச்சா மனசு பதறுது. அதனாலதான் தீயை பாக்குற வனத்துறையும் காத்தோட தரத்தை பாக்குற ஏஜென்சியும் தினமும் பேசிக்கணும்: காத்து எந்தப் பக்கம், புகை மேல எழும்புமா, இல்ல ராத்திரி பள்ளத்தாக்குலயே தங்கிடுமா. பெரிய தீன்னா புகையை கணிக்கவே தனியா ஒரு ஆலோசகர் வர்றார், 2019ல அதை சட்டத்துலயே சேத்துட்டாங்க. வனத்துறையும் இபிஏவும் (அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சி) சேந்து 2020ல விட்ட ஏர்நவ்ங்கிற ஆன்லைன் புகை மேப்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, சின்ன சென்சார் ரீடிங் கூட அதுல தெரியும்.