பழைய கார்டில் இருந்த மூன்று வரிகள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒருவர் கால் மரத்துப் போகிறது என்று சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உடனே "சீனி இருக்கா?" என்று கேட்பார். நர்ஸுகளான நாங்களும் அப்படித்தான். முதலில் விரலைக் குத்தி அதைத்தான் பார்ப்போம், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிவிட்டு நம்பருக்குக் காத்திருக்கும் நம் ஆட்களில், இனிப்புநீர் இல்லாத குடும்பத்தைத் தேடத்தான் வேண்டும். கண் மங்கினால் கண்ணாடி போட வேண்டும், களைப்பு என்றால் ரத்தம் குறைவு, சிறுநீரை அடக்க முடியவில்லை என்றால் பிள்ளை பெற்ற உடம்பு. எல்லாவற்றுக்கும் பதில் கைவசம் இருக்கிறது. மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் வருடக்கணக்கில் ஒளிந்திருப்பது இந்தப் பதில்களுக்குப் பின்னால்தான்.

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளை மூடியிருக்கும் மயலின் என்ற உறையை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிற நோய் இது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. ஐரோப்பாவில் பரவலாகத் தெரிந்த நோய், மலேசியாவில் அரிது. அரிது என்பதாலேயே யாருக்கும் ஞாபகத்துக்கு வருவதில்லை.

பிரசவமான பெண்களை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்த ஒரு குடும்பம், முதல் குழந்தை. தொப்புளைப் பார்த்து, தையலைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது மாமியார் வாசல்வரை வந்தார்.

"மிஸ்ஸி, குளிக்கப் போறப்ப நல்லாத்தான் நடக்கிறா. குளிச்சிட்டு வந்தா காலு தொவளுது, கண்ணு மங்குதுங்கிறா. கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடுது. வேணும்னே பண்றாளா?"

நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்க வைத்து ஊற்றுகிற பிரசவக் குளியல். சுடுதண்ணீரில் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவது சகஜம்தான். அழுத்தத்தை எடுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. அவள் சொன்னதும் தலைச்சுற்றல் இல்லை. ஒரு கால், ஒரு கண். அதுதான் உறுத்தியது. மயலின் சிதைந்த நரம்பில் உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலும் செய்தி தடைபடும், சூடு தணிந்தால் மீண்டும் ஓடும். உடலுழைப்புக்குப் பின் இப்படிக் கண் மங்குவதை உட்ஹோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-இலேயே கவனித்து எழுதியிருக்கிறார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வராத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்துச் சோதித்தே டாக்டர்கள் இந்த நோயைத் தேடினார்கள். அந்த மாமியார் தன்னை அறியாமல் தினமும் அதே சோதனையைத்தான் செய்துகொண்டிருந்தார்!

கிளினிக்குக்குத் திரும்பி அவளுடைய பழைய கார்டை எடுத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு முறை கண் மங்கல், கண்ணாடிக் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அப்புறம் ஒரு முறை இடுப்புக்குக் கீழே மரத்துப் போனது, பி வைட்டமின் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு முறை அவசரமாகச் சிறுநீர், கிருமி இல்லை என்று ரிசல்ட். மூன்றும் மூன்று டாக்டர்களின் கையெழுத்து. தனித்தனியாகப் பார்த்தால் எந்த வரியிலும் குறை சொல்ல முடியாது. டாக்டர்கள் மாற்றலாகிப் போய்க்கொண்டே இருப்பார்கள். அதே முகங்களை வருடக்கணக்கில் பார்ப்பது நாங்கள்தான். அதனால் வரிகளைச் சேர்த்துப் படிக்கும் வேலையும் எங்களுடையதுதான் என்று நினைக்கிறேன்.

மறுபடி போய் நிதானமாகக் கேட்டேன். அந்தப் பழைய மங்கல் ஒரு கண்ணில்தானா? ஆமாம். கண்ணை உருட்டினால் வலித்ததா? வலித்தது, சில வாரத்தில் தானாகத் தெளிந்துவிட்டது. சொட்டு மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியை நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கச் சொன்னேன். வலது கண்ணில் சிவப்பு, இடது கண்ணில் வெளிறிய சிவப்பு. கழுத்தைக் குனியச் சொன்னபோது, "முதுகுல கரண்ட் அடிக்குது மிஸ்ஸி, குனிஞ்சு புள்ளையத் தூக்கினாலும் அப்படித்தான்" என்றாள். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லையே என்றாள். சிறுநீர் விஷயத்தை மட்டும் மாமியார் அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்துதான் சொன்னாள்.

காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றும் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். அவை இருந்தாலே பழைய அறிகுறிகள் தலைதூக்கி, புதிய தாக்குதல் போலக் காட்டும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இந்த நோய் அடங்கியிருந்துவிட்டு, பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் திரும்பக்கூடும். எங்கள் வீட்டு வருகைகளோ அதற்கு முன்பே முடிந்துவிடும். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வரும்போதாவது தாயிடம் இரண்டு கேள்வி கேட்கலாம்.

எல்லாவற்றையும் தேதி வாரியாக எழுதி டாக்டரிடம் கொடுத்தேன். அவர் ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். அங்கே எம்.ஆர்.ஐ., முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனை எல்லாம் முடித்து நோயை உறுதி செய்து மருந்து தொடங்கினார்கள்.

நான் அவளிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. அது நர்ஸ் சொல்ல வேண்டியதும் இல்லை. நம் ஆசியப் பக்கம் இதே போலக் கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. என்ற வேறொரு நோய் உண்டு. எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் அதை மோசமாக்கிவிடும். நாள்கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியும் அந்த நோயின் அடையாளமாக இருக்கலாம். நம் ஊரில் அதற்கும் 'கேஸ்ட்ரிக்' என்றே பெயர். இரண்டையும் பிரிப்பது நரம்பு மருத்துவரின் வேலை.

வீட்டில் பேசியதுதான் கஷ்டமாக இருந்தது. களைப்பு இந்த நோயின் ஒரு பகுதி, சோம்பல் இல்லை என்று மாமியாருக்குப் புரியவைக்கச் சில நாள் பிடித்தது. வெந்நீரை விடச் சொன்னதற்கு, "பச்ச உடம்பு, ஜன்னி வந்தா நீயா பாப்ப?" என்று என்னையே அதட்டினார். கடைசியில் நொச்சி இருக்கட்டும், தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார்.

புதிதாக வரும் நர்ஸுகள் கார்டில் 'கண் மங்கல்' என்று மட்டும் எழுதினால் இப்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். எந்தக் கண், எத்தனை நாள் இருந்தது, எப்படிப் போனது, இதற்கு முன் உடம்பில் வேறெங்காவது இப்படி வந்து போனதா என்பதையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன். நம்பர் ஓடிக்கொண்டிருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று முணுமுணுக்கிறார்கள், எழுதவும் செய்கிறார்கள்.