சர்க்கஸ் சைக்கிள்: ஆறு மாதக் குறிப்பு

ஜனவரி

ஆரோவில் பக்கம் ஒருவர் வீட்டைக் காலி செய்கிறார், மடக்கு சைக்கிள் ஒன்று விலைக்கு வருகிறது என்று கூட வேலை செய்யும் டீச்சர் சொன்னார். போய்ப் பார்த்தேன். 20 அங்குலச் சக்கரம், இரும்பு பிரேம், பின்னால் ஆறு கியர். நடுவில் ஒரு கீல், ஹேண்டில் தண்டின் அடியில் ஒரு கீல். சீட்டை இறக்கி, ஹேண்டிலை மடக்கி, நடுக்கீலைத் திறந்தால் வண்டி பாதியாகிவிடுகிறது. விலை பேசி முடிப்பதற்குள் மனசுக்குள் அதை ரயிலில் ஏற்றிவிட்டேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டே வந்தேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் எல்லாம் வந்ததே தெரியவில்லை. பரவாயில்லையே, சின்னச் சக்கரம் இப்படிப் பறக்கிறதே என்று நினைத்தேன். பறக்க வைத்தது சக்கரம் இல்லை, முதுகில் அடித்த வாடைக்காற்று. அது புரிய ஏப்ரல் ஆனது.

முள்ளோடையில் டீ குடிக்க நிறுத்தியபோது ஒரு பெரியவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏம்மா, இவ்ளோ சின்ன சக்கரத்த மிதிச்சு எப்ப ஊர் போய்ச் சேர்றது?" அன்றிலிருந்து இதையே கேட்காத ஆள் இல்லை. இயற்பியல் டீச்சர் ஆயிற்றே, வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பழைய 28 அங்குல சைக்கிளையும் வெளியே எடுத்தேன். அதில் முன்னால் 48 பல், பின்னால் 18. பெடலை ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் இரண்டே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும். என்னுடையதில் முன்னால் 52 பல், பின்னால் கடைசிக் கியரில் 14. அது மூன்றே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. சக்கரம் சின்னது, ஆனால் கூடுதலாக ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. தெருவில் சாக்பீஸால் கோடு போட்டு அளந்தேன்: ஒரு மிதிக்கு அப்பா வண்டி கிட்டத்தட்ட 5.9 மீட்டர், என் வண்டி 5.7. அவ்வளவுதான் வித்தியாசம். எதிர்வீட்டு அக்கா முழுசாகக் கேட்டுவிட்டு, "இருந்தாலும் பாக்க சின்னதா இருக்கே" என்றார்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதற்கு சர்க்கஸ் சைக்கிள் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சின்னச் சக்கரத்துக்கு உண்மையான தொல்லை மிதிப்பதில் இல்லை, பள்ளத்தில் இருக்கிறது. பெரிய சக்கரம் தாண்டிப்போகிற குழியில் இது உள்ளே இறங்கி ஏறும். இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்டன் 1962-இல் சின்னச் சக்கர சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது இதற்கும் சேர்த்தே வழி செய்திருந்தார்: குறுகலான, காற்று அதிகம் தாங்கும் டயர், அதன் அதிர்வை வாங்கிக்கொள்ள முன்னும் பின்னும் சஸ்பென்ஷன். மினி காருக்கு ரப்பர் சஸ்பென்ஷன் வடிவமைத்ததும் அவர்தான். என் வண்டியில் அதெல்லாம் கிடையாது. பின் டயரில் காற்றழுத்தம் 50 பிஎஸ்ஐ, முன்னால் 45 வைத்துக்கொண்டு, பள்ளம் வந்தால் சீட்டிலிருந்து எழுந்துவிடுகிறேன். முழங்கால்தான் சஸ்பென்ஷன்.

பிப்ரவரி

முதுநகரில் எனக்குத் தெரிந்த சைக்கிள் கடை பாய் ஒருவர் இருக்கிறார். வண்டியைப் பார்த்ததும் டயர் ஓரத்தைத் தடவி எண்ணைப் படித்தார். 406, அதாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். "கவலையே இல்ல டீச்சரம்மா, சின்னப் பசங்க வண்டி டயர்தான். எந்த ஊர்லயும் கெடைக்கும்." இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த வண்டியை வாங்கியது சரி என்று இன்றும் சொல்வேன். மடக்கு சைக்கிள் என்றாலே எல்லோரும் சொல்வது பிராம்ப்டன். ஆண்ட்ரூ ரிச்சி 1970-களில் லண்டனில் வடிவமைத்தது, 16 அங்குலச் சக்கரம், மடித்தால் 58.5 × 56.5 × 27 செண்டிமீட்டர். அழகு என்றால் அழகு. ஆனால் அதன் டயர் 349 அளவு. பண்ருட்டியில் டயர் கிழிந்தால் என்ன செய்வது? புதுசாக எது வாங்கினாலும் நான் முதலில் கேட்பது, இதற்குச் சாமான் அடுத்த தெருவில் கிடைக்குமா என்பதைத்தான்.

வால்வு மட்டும் வேறு. நம்ம பழைய சைக்கிளில் இருக்கிற வால்வு டியூப் இல்லை, பைக் வால்வு. பாயின் கைப்பம்பு வாய் பொருந்தவில்லை, பெட்ரோல் பங்க் காற்று பொருந்துகிறது. இது வசதியா தொல்லையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இந்த மாதம் முழுக்க ஒரு சத்தம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. வலது பெடலை அழுத்தும்போதெல்லாம் 'க்ரக்'. இடது பெடலுக்கு இல்லை. பெடல் அச்சுதான் என்று நானும் நினைத்தேன், பாயும் நினைத்தார். ஓவராயில் பண்ணினார். பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, கழுவித் துடைத்துக் கொடுத்தார். கடையை விட்டுக் கிளம்பிப் பத்தடி போவதற்குள் 'க்ரக்'. திரும்பிப் பார்த்தேன். பாய் காதில் விழாத மாதிரி வேறொரு டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார்.

அப்புறம் யோசித்தேன். சாதாரண சைக்கிளில் இல்லாதது இதில் என்ன இருக்கிறது? நடுக்கீல். கீலின் இரண்டு முகமும் முழுசாக ஒட்டி உட்கார வேண்டும். உட்காருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கைப்பையில் எப்போதும் கிடக்கிற சாக்பீஸ் கைகொடுத்தது. ஒரு முகம் முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்தேன், மூடினேன், தாழ்ப்பாளை இறுக்கினேன், வண்டியில் ஏறி உட்கார்ந்து இரண்டு குலுக்குக் குலுக்கினேன், திறந்தேன். எதிர் முகத்தில் வெள்ளை படிய வேண்டியது முழுக்க. படிந்திருந்தது கீழ் மூலையில் ஒரு அரிசி மணி அளவுக்குத்தான். அந்த இடத்தில் பெயின்ட் வழிந்து கட்டியாகிக் காய்ந்திருக்கிறது. கீல் அந்த ஒரு கட்டியின் மேலேயே நின்றுகொண்டு ஆடியிருக்கிறது.

உப்புத்தாள் ஒரு துண்டு, பத்து நிமிஷம். மறுபடி சாக்பீஸ், மறுபடி மூடித் திறந்தேன். நான்காவது தடவை முகம் முழுக்க வெள்ளை படிந்தது. கட்டி போனதும் தாழ்ப்பாள் தளர்ந்துவிட்டது, அதன் நட்டை அரைச் சுற்று இறுக்கினேன். அதை உள்ளங்கையால் அழுத்தி மூடும்போது கை கொஞ்சமாவது வலிக்க வேண்டும். சுலபமாக மூடினால் போதாது. சத்தம் போயே போய்விட்டது. பாயிடம் போய்ச் சொன்னேன். "சாக்பீஸா?" என்று கேட்டுவிட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார்.

மார்ச்

உப்பு. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு வாரம் மூன்று நாள் போய் வந்ததில் செயின் சிவந்துவிட்டது. முதலில் பைக் எஞ்சின் ஆயில் விட்டேன். மறுநாளே தேவனாம்பட்டினத்து மணல் எல்லாம் செயினில் வடை மாவு மாதிரி ஒட்டிக்கொண்டது. அடுத்து தையல் மிஷின் எண்ணெய். சுத்தமாக இருந்தது, ஆனால் நாலு நாளில் காய்ந்து துரு. மூன்றாவதாகச் செய்தது மெழுகு. செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவைத்து, மெழுகுவர்த்தியை ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவைக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, செயினை அதில் பத்து நிமிஷம் போட்டேன். மெழுகை நேரடியாக அடுப்பில் வைத்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும். எடுத்துத் தொங்கவிட்டால் விறைத்துப்போன கருவாடு மாதிரி நிற்கும், கையால் வளைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும். மணல் ஒட்டவே இல்லை. கையால் தொட்டால் கறுப்பு இல்லை, புடவையிலும் கறை இல்லை. ஒரே குறை, மழையில் நனைந்தால் கீச்கீச் என்று கத்தும், திரும்ப முக்க வேண்டும்.

சீட் தண்டு அலுமினியம், அது இறங்குகிற குழாய் இரும்பு. உப்புக் காற்றில் இந்த ஜோடி ஒன்றையொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை வெளியே இழுத்துத் துடைத்து லேசாகக் கிரீஸ் தடவுகிறேன்.

ஏப்ரல்

பை. பைக் சீட் கவர் தைக்கிற கடையில் தார்ப்பாய்த் துணியில் இரண்டு பக்கப் பைகள் தைக்கச் சொன்னேன். முதல் ஜோடி வீண். சின்ன வண்டியில் பெடலுக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி குறைவு. ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடித்தது. தைத்த தம்பியையே வண்டியில் ஏற்றி மிதிக்கச் சொன்னேன். "ஆமாக்கா, இடிக்குது" என்று சிரித்துவிட்டு, பையின் முன் மூலையைச் சாய்வாக வெட்டித் தைத்துக் கொடுத்தான். மழைக்கு மேல்மூடி, அவன் கடையில் கிடந்த பழைய ஃப்ளெக்ஸ் பேனரில். ஏதோ காதணி விழா. என் பையின் இடது பக்கம் ஒரு குழந்தையின் ஒரு கண்ணும் தோடும், வலது பக்கம் யாரோ தாய்மாமனின் பாதி மீசை. தண்ணீர் ஒரு சொட்டு இறங்குவதில்லை.

பையோடு புதுச்சேரி போய் வந்தேன். போனது சுகம். மாலை நாலு மணிக்குத் திரும்பினால், ஜனவரியில் பறந்த வண்டி நகரமாட்டேன் என்கிறது. சுண்ணாம்பாற்றுப் பாலத்தின் மேல் இறங்கித் தள்ளலாமா என்று தோன்றிவிட்டது. பிரேக் உரசுகிறதா என்று இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தேன். வீடு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல். மறுநாள் வகுப்பில் சொன்னபோது, தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அது சோழகம். சித்திரையில மத்தியானத்துக்கு மேல தெக்கேருந்து அப்படித்தான் அடிக்கும். எங்கப்பால்லாம் காத்து பாத்துத்தான் படகை எறக்குவாங்க" என்றான். தென்காற்று சோழகம், வடகாற்று வாடை, மேல்காற்று கச்சான், கீழ்க்காற்று கொண்டல் என்று நாலும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அவன் சொன்ன பிறகு நான் கணக்குப் போட்டேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். நான் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறேன், எதிரே 20-இல் காற்று வருகிறது என்றால் என் முகத்தில் படுவது 35. காற்றில்லாத நாளைவிட ஐந்து மடங்குக்கு மேல் தள்ளுகிறது. இதற்கு எந்தக் கியரும் மருந்தில்லை. ஹேண்டில் தண்டை ஆறு செண்டிமீட்டர் இறக்கினேன், கொஞ்சம் குனிந்து ஓட்ட வருகிறது. அதைவிடப் பலன் கொடுத்தது, காலை ஐந்து மணிக்குக் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவது. நிழலும் கிடையாது இந்த ஊரில். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கொண்டுபோன மரங்களை நினைத்துக்கொண்டே ஓட்ட வேண்டியதுதான்.

மே

லீவு. எதற்காக வாங்கினேனோ அதைச் செய்து பார்த்தேன். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் மடித்து, பழைய போர்வையில் தைத்த உறையில் போட்டு, சிதம்பரம் போகும் காலை பாசஞ்சரில் ஏறினேன். ரயில்வே விதிப்படி கூட எடுத்துப்போகும் பெட்டி 100 × 60 × 25 செண்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். என்னுடையது மடித்தால் 82 × 66 × 38. எடை பிரச்சினையே இல்லை; இரண்டாம் வகுப்பில் 35 கிலோ விடுவார்கள், இது 14. அளவில்தான் இடிக்கிறது. பிராம்ப்டனே ஒரு பக்கம் 27, 25-ஐ அதுவும் தாண்டுகிறது பாருங்கள்! கதவோரம் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு பாட்டி மட்டும் உறையைத் தொட்டுப் பார்த்து, "தையல் மிஷினா கண்ணு?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் சுமார் 15 கிலோமீட்டர், சமதளம், வயல் காற்று. சுரபுன்னைக் காட்டுக்குப் போகும் வழியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் சைக்கிளை மறந்துவிடுவேன். சக்கரம் இரண்டிலும் உப்புச் சேறு, அதை அங்கேயே ஒரு வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் கேட்டு வாங்கிக் கழுவினேன் என்பது மட்டும் இங்கே போதும்.

திரும்பும்போது கிள்ளையில் பஸ் ஏறினேன். கண்டக்டர் உறையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"சைக்கிள் சார். மடிச்சிருக்கேன்."

"சைக்கிள்லாம் ஏத்த முடியாதும்மா."

"மடிச்சா பெட்டி மாதிரிதான் சார்."

"அப்ப பெட்டிக்கு லக்கேஜ் போட்டுக்கவா, சைக்கிளுக்குப் போட்டுக்கவா?"

பெட்டிக்குப் போட்டார்.

ஜூன்

செயினை அளந்தேன். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பன்னிரண்டும் ஒரு நூலில் பாதியும் காட்டுகிறது, அதாவது 1/16 அங்குலம் நீண்டிருக்கிறது. அந்த எஞ்சின் ஆயில் வாரங்களில்தான் பாதி தேய்ந்திருக்கும் என்பது என் சந்தேகம். இதுவே மாற்ற வேண்டிய அளவுதான், இன்னொரு 1/16 போக விட்டால் பல்லையும் தின்றுவிடும்.

பின் சக்கரம் லேசாக ஆடியது, பாய் பெண்டு எடுத்துக் கொடுத்தார். ஸ்போக்ஸ் கம்பி இரண்டில் துரு; மழைக்காலத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் எவர்சில்வர் கம்பியாக மாற்றச் சொல்லியிருக்கிறேன். அவர் கடையில் அந்த நீளம் இல்லை. 28 அங்குல வண்டிக் கம்பியை வெட்டி மரை போட்டுத் தருகிறேன் என்கிறார். கீலின் தாழ்ப்பாள் போல்ட்டும் துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. அதற்கு எவர்சில்வர் போல்ட் ஒன்று வாங்கிவிட்டேன். சனிக்கிழமை மாட்ட வேண்டும். மாட்டியதும் மறுபடி சாக்பீஸ் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் ரோட்டில் எடுப்பேன்.