கடைமடை நெல்லுக்குக் கார்பன் கணக்கு போட்டோம்

பாலக்காடு சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் பாடசேகர சமிதி, அதாவது நெல் விவசாயிகள் சங்கம். மட்ட அரிசி வாங்கும் ஒரு நிறுவனம், ஒரு கிலோ நெல் விளைய எவ்வளவு கார்பன் வெளியேறுகிறது என்று கணக்கு கேட்டது. எண் குறைவாக உள்ள ஊர்களிலிருந்து அதிகம் வாங்குவார்களாம். கணக்கு வழக்கு பார்ப்பவன் என்பதால் வேலை என்னிடம் வந்தது.

டீசல் எளிது. லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. டிராக்டர், அறுவடை மெஷின் வாடகை மணிக்கணக்கை வைத்துப் போட்டுவிடலாம்.

யூரியாவில்தான் முதல் வியப்பு. 45 கிலோ மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ நைட்ரஜன். இடையிடையே காயும் நெல் வயலில் அதில் 0.5 சதவீதம் மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது என்பது ஐபிசிசி (ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு) வைத்திருக்கும் அளவு. அந்த வாயு கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு சூடாக்கும். கணக்கு போட்டால் ஒரு மூட்டைக்கு 44 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக வருகிறது. 16 லிட்டர் டீசல் எரித்ததற்குச் சமம்! இதைச் சொன்னதும், மேலுரத்தைக் குறைக்கலாமா என்று கூட்டத்திலேயே பேச்சு வந்தது.

ஆனால் நெல்லில் கணக்கைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். வயலில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்றில்லாமல் மீத்தேன் உண்டாகும். ஐபிசிசியின் 2019 திருத்தம் தெற்காசியாவுக்கு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் வைக்கிறது. மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 27 மடங்கு சூடாக்கும் என்று வைத்து, 120 நாள் பயிருக்குப் பெருக்கினால் ஏக்கருக்குச் சுமார் 1,100 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். நிறுவனம் அனுப்பிய எக்செல் தாளில் இதுவே எல்லாருக்கும் நிரப்பப்பட்டிருந்தது. பயிர்க்காலம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது என்று எடுத்துக்கொண்ட எண் அது.

எங்கள் வயலில் எங்கே நிற்கிறது? ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறை தடுப்பணைக்கு வந்து, கால்வாயில் பிரிந்து கடைமடைக்கு வருவதற்குள் எங்கள் தண்ணீர் முறையே முடிந்துவிடும். பயிர்க்காலத்தில் பலமுறை காயும். அப்படிப்பட்ட வயலுக்கு அதே திருத்தத்தில், 0.55 ஆல் பெருக்கிக் குறைக்கலாம் என்று இருக்கிறது. அதைப் போட்டால் 1,100 என்பது 600 ஆகிறது. ஏக்கருக்கு 2 டன் விளைந்தால், ஒரு கிலோ நெல்லுக்கு மீத்தேன் கணக்கு 0.56 கிலோவிலிருந்து 0.31 ஆகக் குறைகிறது. தாளில் இந்தத் தண்ணீர்க் கட்டத்தை நிரப்பாவிட்டால், கடைமடை விவசாயி கெட்ட எண்ணோடு கழித்துக் கட்டப்படுவார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, ஆதாரம்? “கால்வாய் நின்னா வயல் காயும், இதுல எழுதறதுக்கு என்ன இருக்கு தம்பி?” என்றார் ஒரு பெரியவர். எழுதத்தான் வேண்டியிருந்தது. தண்ணீர் வந்த தேதி, நின்ற தேதி, வயல் காய்ந்த படம் என்று ஒவ்வொருவரிடமும் வாங்கினேன். வைக்கோலைக் கட்டி விற்றாரா, உழுது மடக்கினாரா என்றும் கேட்டேன். நடவுக்குச் சற்றுமுன் மடக்கிய வைக்கோல் மீத்தேனைக் கூட்டும்.

இன்னொன்று, விளைச்சல். அதே வயல் 1,500 கிலோதான் கொடுத்தால் 0.31 உடனே 0.41 ஆகிவிடும். தண்ணீர் பற்றாமல் விளைச்சல் குறைந்த ஆண்டில் எண் ஏறுவதற்கு விவசாயி பொறுப்பல்ல. அதனால் ஒரே ஆண்டை வைத்து ஊரைத் தள்ளாதீர்கள், மூன்று ஆண்டுச் சராசரி எடுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். தண்ணீர்க் கட்டத்தை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. சராசரி பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.