34-வது கிலோமீட்டரில் மோர்

மாரத்தான், 42.195 கிலோமீட்டர் ஓடப்போகிறேன் என்றதும் அம்மா கேட்டது, "எதுக்குடா, பஸ் இல்லையா?" டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்காகப் பணம் திரட்டுகிறோம், தினமும் இன்சுலின் இல்லாமல் அவர்களுக்கு முடியாது என்றேன். பேசாமல் கடுகு டப்பாவிலிருந்து 500 ரூபாய் எடுத்து நீட்டினாள். அதுதான் முதல் நன்கொடை, அப்புறம் ஆபீஸ் நண்பர்கள், மாமா, கீழ்வீட்டு அக்கா என்று சேர்ந்துகொண்டே போனது.

ஜனவரி, விடியாத இருட்டு, சென்னை நேப்பியர் பாலம். முதல் பாதி ஜம்மென்று போனது. 34-வது கிலோமீட்டரில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது, சரி, ஓரமாக உட்கார்ந்துவிடலாம் என்று பார்த்தால் எதிரே தங்கச்சி உப்பு போட்ட மோரோடு நிற்கிறாள், பக்கத்தில் சித்தப்பா எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டு (போலீஸ்காரர் வேறு சிரிக்கிறார்). எப்படி உட்கார்வது? மீதியைப் பாதி நடை, பாதி ஓட்டமாக முடித்தேன்.

மெடலை அம்மா கழுத்தில் போட்டேன். "முதல்ல போய்க் குளி" என்றாள்.