எந்த மயக்கம்?

வாசலில் ஒட்டுக் கோலம். தேக்கா சந்தையில் வாங்கியதாக இருக்கும். மிதிக்காமல் தாண்டலாம் என்றால் என் ஒரு கையில் ஆக்சிஜன், மறு கையில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர், முதுகுக்குப் பின்னால் ஸ்ட்ரெச்சர். மிதித்தேன். உள்ளே பூஜை மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே பூட்ஸ் காலோடு நின்றேன். சோபாவில் கணவர் வேர்த்து விறுவிறுத்துக் கிடக்கும்போது அந்த அம்மா என் காலையா பார்க்கப் போகிறார்? பார்க்கிறவர்களும் உண்டு. தனக்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தா, "தம்பி, செருப்பு" என்று வாசலைக் காட்டியிருக்கிறார்.

பகலில் எனக்குக் கிடங்கு வேலை. வெள்ளிக்கிழமை இரவுகளில் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் துணைப் பிரிவில் தொண்டூழியம். தீயணைப்பும் ஆம்புலன்ஸும் இந்தப் படையின் வேலை. முழுநேர வீரர்கள் 24 மணி நேரம் வேலை பார்த்து 48 மணி நேரம் ஓய்வெடுப்பார்கள். நான் ஒரே ஓர் இரவு நின்றுவிட்டு, சனிக்கிழமை முழுக்கத் தூங்கி வழிகிறவன். கட்டாய தேசிய சேவையை இதே படையில் தீயணைப்பாளனாகச் செய்தேன். சேவை முடிந்த பின் கொஞ்சகாலம் வீட்டில் சும்மா இருந்து பார்த்தேன். முடியவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

தீயைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. வெளியே இருப்பவர்கள் நினைப்பதுபோல் தினமும் மாடி மாடியாகத் தீப்பிடித்து எரிவதில்லை. குப்பை போடும் குழாயில் யாரோ அணைக்காமல் எறிந்த சிகரெட், அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கிப்போன குழம்பு, சார்ஜ் போட்டபடி விட்ட மின்ஸ்கூட்டர். எங்கள் நிலையத்தில் ஒரு மலாய்க்கார என்சிக் இருந்தார், வாரண்ட் அதிகாரியை அப்படித்தான் கூப்பிடுவோம். வாசனையை வைத்தே அது பருப்பா கறியா என்று சொல்லிவிடுவார். சட்டி கருகிய வீட்டில் எங்களுக்குப் பெரும்பாலும் ஜன்னலைத் திறந்துவிடும் வேலைதான்.

தீக்கு மொழி தேவையில்லை. ஆம்புலன்ஸில் ஏறிய பிறகுதான் எனக்கு என் தமிழே போதவில்லை என்று தெரிந்தது.

ஏறிய புதிதில் ஓர் இரவு. எழுபது வயதிருக்கும் ஐயா ஒருவர், குளியலறை வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிக்கு ஆங்கிலம் வராது. பாராமெடிக் சீனப் பெண், அவளுக்குத் தமிழ் வராது. நடுவில் நான். "மயக்கம் வந்துச்சு தம்பி, அப்புறம் சரியாயிருச்சு" என்றார் அந்த அம்மா. தலைசுற்றல் என்று நான் ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தேன். வண்டியில் வந்த மகள்தான், அப்பா இரண்டு நிமிடம் நினைவே இல்லாமல் கிடந்தார் என்று சொன்னாள். தலைசுற்றல் வேறு, நினைவு தப்பி விழுவது வேறு. முதியவர் ஒருவர் சட்டென்று நினைவிழந்து, சட்டென்று தெளிந்தால் இதயத் துடிப்பின் தாளத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஈசிஜி எடுக்கத்தான் செய்தோம், குடி முழுகவில்லை. ஆனாலும் மருத்துவமனை வாசலில் பாராமெடிக் என்னைத் தனியே கூப்பிட்டு, "உன் மொழியில் இதற்கு இரண்டு சொல் இல்லையா?" என்று கேட்டாள். ரோஷமாக இருந்தது. இரண்டென்ன, இருபது இருக்கிறது. கிறுகிறுன்னு வருது, தலை சுத்துது, கண்ணை இருட்டிக்கிட்டு வருது, மயக்கம் போட்டு விழுந்துட்டாரு. நான்தான் ஒன்றையும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு, "மயக்கம்னா எந்த மயக்கம்மா? நாம கூப்பிட்டது அவருக்குக் கேட்டுச்சா?" என்று கேட்காமல் விடுவதில்லை.

மயக்கத்தைவிட மோசமானது வாய்வு. நெஞ்சில் கல்லை வைத்ததுபோல் இருக்கிறது, இடது கை கனக்கிறது, வியர்வை ஊற்றுகிறது. அத்தனையையும் சொல்லிவிட்டுக் கடைசியில் "வாய்வுதான் தம்பி, ராத்திரி மொச்சை சாப்பிட்டேன்" என்பார்கள். பெருங்காயம் கரைத்துக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து, அதற்கும் கேட்காத பிறகுதான் ஆம்புலன்ஸுக்கு 995 அழைப்பார்கள். சைரன் போடாம வரச்சொல்லுங்க, அக்கம்பக்கம் பார்க்கும் என்கிற வேண்டுகோளும் கூடவே வரும். வலியை வாய்வு என்று கூப்பிட்டால் அது கொஞ்சம் அடங்கிவிடும் என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் அதை மறுத்துப் பேசுவதில்லை. "வாய்வாவே இருக்கட்டும் ஐயா, ஒரு படம் எடுத்துப் பார்த்துருவோம்" என்று சொல்லிக்கொண்டே மார்பில் ஈசிஜி ஒயர்களை ஒட்டிவிடுவேன்.

பக்கவாதத்தில் பிரச்சினை வேறு. மூளை ரத்தக் குழாயில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதனால் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதுதான் எங்களுக்கு உயிர்க் கேள்வி. வருகிற பதில்: "காலையிலேர்ந்தே ஒரு மாதிரிதான் இருந்தாரு." இந்த ஒரு மாதிரியைப் பிரித்தெடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். டீ டம்ளரைக் கையில் பிடித்தாரா, தமிழ் முரசு பேப்பர் படித்தாரா, வசந்தம் டிவியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டுக் கேட்டுத்தான் நேரத்தைப் பிடிக்க வேண்டும். ஒருமுறை தொலைக்காட்சித் தொடர்தான் காப்பாற்றியது. அது தொடங்கியபோது ஐயா சிரித்துப் பேசியிருக்கிறார், முடிகையில் வாய் குளறியிருக்கிறது.

ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள் இதற்கு நேர்மாறு. எதுவுமே இல்லை என்பார்கள். சாரத்திலிருந்து விழுந்த ஒருவர் "ஒண்ணும் இல்ல சார், லேசா அடி" என்றார். கணுக்கால் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்கிற பயம் எனக்குப் புரியாமல் இல்லை. வண்டிக் கதவைச் சாத்திவிட்டு, "எந்த ஊருண்ணே?" என்றேன். பட்டுக்கோட்டைப் பக்கம். மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினோம். பிறகு மெதுவாக, "ரெண்டு நாளாவே மேலுக்கு முடியலண்ணே, காய்ச்சலோடதான் ஏறினேன்" என்றார். மேலுக்கு முடியல என்பதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் காதால் கேட்டேன். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ், அவ்வளவுதான் அது எட்டும் தூரம்.

பணியில்லாத நாட்களிலும் கைப்பேசி விடாது. மைரெஸ்பாண்டர் செயலி 2015இல் வந்தது. 400 மீட்டருக்குள் யாருக்காவது இதயம் நின்றுபோனால் பக்கத்தில் இருப்பவர்களை உசுப்பும். ஒரு ஞாயிறு இரவு சோற்றில் கை வைத்திருந்தபோது அடித்தது, பின் புளோக். செருப்போடு ஓடி, கீழே மின்தூக்கி வாசலில் மாட்டியிருந்த ஏஇடி பெட்டியை, யாரும் பயன்படுத்தக்கூடிய தானியங்கி டிஃபிப்ரிலேட்டரை, எடுத்துக்கொண்டு ஏறினேன். ஆள் வருவதற்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். ஒரு அம்மா தரையில் கிடந்தார். மகன் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். நெஞ்சை அழுத்தச் சொல்லி 995 அதிகாரி ஆங்கிலத்தில் எண்ணிக்கொண்டிருந்தார். இவனோ கையை வைக்கவே பயந்து, "மூச்சு இருக்குண்ணே, பாருங்க, மூச்சு விடறாங்க" என்றான்.

அது மூச்சில்லை. வாய் திறந்து, விட்டு விட்டு, மீனைப்போல் ஓர் இழுப்பு. இதயம் நின்ற பிறகும் சிறிது நேரம் வரும் இழுப்பு அது. பார்க்கிறவர்கள் மூச்சு என்று நம்பி அழுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். என் ஆயாவுக்கு இது தெரிந்திருக்கும். சேடம் இழுக்குது என்பார். மூச்சு என்று சொல்லவே மாட்டார். எங்கள் பயிற்சியில் ஒரு பாடமாக நடத்துவதை ஆயா அந்த இரண்டு சொல்லில் வைத்திருந்திருக்கிறார். என்ன, அவருக்கு அது முடிவின் பெயர், எங்களுக்குத் தொடக்கத்தின் பெயர்.

நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம். ரவிக்கையை வெட்ட வேண்டியிருந்தது. மகனைத் திரும்பி நிற்கச் சொன்னேன். தாலிச் சங்கிலி பேட் ஒட்டும் இடத்தில் கிடந்தது. கழற்றத் தேவையில்லை, ஒதுக்கினால் போதும். ஒதுக்கித் தோள் பக்கம் போட்டேன். "அறுக்காதீங்க தம்பி" என்று மூலையிலிருந்து ஒரு குரல். அவர் கணவர். அதுவரை அவர் அந்த அறையில் இருந்ததையே நான் கவனிக்கவில்லை. அறுக்கலய்யா, பத்திரமா இருக்கு என்று அழுத்திக்கொண்டே சொன்னேன். ஆம்புலன்ஸ் வரும்வரை இரண்டு தடவை அதே வார்த்தையைச் சொன்னேன். வண்டிக் கதவு மூடியதோடு எங்களைப் போன்றவர்களுக்குக் கதை நின்றுவிடும். வீட்டுக்கு வந்தபோது சோறு ஆறியிருந்தது.

புதிதில் என்னைக் கண்டித்த அந்தப் பாராமெடிக் இப்போது கையடக்கக் குறிப்பேட்டில் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். மயக்கம் என்பதற்குக் கீழே இரண்டு அம்புக்குறி. வாய்வு என்பதற்கு எதிரே ஒரு பெரிய கேள்விக்குறி. அது உடம்பில் எந்தப் பாகம் என்று என்னிடம் பலமுறை கேட்டுவிட்டாள், எனக்கும் சொல்லத் தெரியவில்லை. போன வெள்ளிக்கிழமை, வழுக்கி விழுந்த ஒரு பாட்டி வீட்டுக்குப் போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் கையைக் காட்டித் தடுத்துவிட்டு, குறிப்பேட்டைப் பார்த்து, எழுத்துக்கூட்டி, "பாட்டி. வலி. எங்கே?" என்றாள்.

பாட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். இடுப்பைத் தொட்டுக் காட்டி, "சாக்கிட் சினி, சினி" என்று சரளமாக மலாயில் ஆரம்பித்தார். இவளும் மலாயிலேயே பதில் சொன்னாள். நான் ஆக்சிஜன் பையைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கியைப் பிடித்து வைக்கப் போனேன்.