முன்பல் சேரவில்லை

நவம்பர் 4
தம்பி வண்டியோடு விழுந்துவிட்டான். ஹெல்மெட் வண்டி டேங்க் மேலேயே இருந்திருக்கிறது.

நவம்பர் 5
தம்பிக்கு இரண்டு கண்ணும் கறுத்து, முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. டாக்டர் ஒரு கையால் நெற்றியை அழுத்திக்கொண்டு, மறு கையால் மேல் முன்பற்களைப் பிடித்து மெல்ல அசைத்தார். மூக்கும் கூடவே அசைந்தது. நான் பார்த்திருக்கக் கூடாது. மேல்தாடையும் மூக்கும் ஒரே துண்டாகக் கழன்றிருக்கிறதாம். லெஃபோர்ட் இரண்டு என்று எழுதினார்கள். 1901இல் பிரான்ஸில் லெஃபோர்ட் என்ற டாக்டர் பிணங்களின் முகத்தில் அடித்து, எந்தெந்தக் கோட்டில் உடைகிறது என்று கண்டு வகுத்தது என்றார் பயிற்சி டாக்டர்.

நவம்பர் 6
மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் ஒழுகினால் உடனே சொல்ல வேண்டும். மூளையைச் சுற்றியிருக்கும் நீர் அந்த வழியாகக் கசியலாமாம். மூக்கைச் சிந்தவே கூடாது. ராத்திரி முழுக்க டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘படு, அக்கா’ என்று கையைக் காட்டினான்.

நவம்பர் 7
ஒழுகவில்லை.

நவம்பர் 9
வீக்கம் வடிந்தால்தான் ஆபரேஷன். வாயை மூடினால் கடைவாய்ப்பல் முட்டுகிறது, முன்பல் சேரவில்லை, நடுவில் இடைவெளி. “முதல்ல பல்லைச் சேர்க்கணும்மா, அதை வச்சுத்தான் எலும்பை நிறுத்துவோம்” என்றார் டாக்டர். பழைய முகம் வருமா என்று கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. வாசலில் தட்டுவடை செட் வண்டியைப் பார்த்ததும் அம்மா அழுதாள். அவன் தினமும் இரண்டு செட் தின்பான்.

நவம்பர் 10
மாமா ஏற்காட்டிலிருந்து வந்தார். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க ஆள் போதவில்லையாம். ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவும் தம்பிக்கு மனப்பாடம். அப்புறம் ஏன் ஹெல்மெட்டைக் கழற்றினான்?

நவம்பர் 14
முடிந்தது. மயக்கத்தில் மூச்சுக்காகப் போடும் குழாயை மூக்கு வழியாக விட முடியாது, பல்லைச் சேர்த்துக் கட்ட வேண்டியதால் வாயிலும் இடைஞ்சல். தாடைக்கு அடியில் சின்னதாகக் கீறி வெளியே எடுத்தார்களாம். மேலுதட்டுக்கு உள்ளேயும் கீழ் இமையிலும் திறந்து டைட்டானியம் தகடு வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 15
பல்லைக் கம்பியால் கட்டியிருக்கிறது. வாந்தி வந்தால் வெட்ட, தலைமாட்டிலேயே கட்டர். கட்டிலைவிட்டு நகர பயமாக இருக்கிறது. சிரிஞ்சில் கேழ்வரகுக் கஞ்சி.

நவம்பர் 16
முன்பல் சேர்ந்திருக்கிறது! உதட்டை விலக்கி மூன்று தடவை பார்த்தேன்.

நவம்பர் 19
கன்னத்தைத் தொட்டால் தெரியவில்லை என்று பேப்பரில் எழுதினான். கண்ணுக்குக் கீழே போகிற நரம்பு அடிபட்டிருக்கிறது, மாதக்கணக்கில் ஆகலாமாம்.

நவம்பர் 28
இடது மேலுதட்டில் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறதாம்.

நவம்பர் 29
வலது பக்கம் தெரியவில்லை. ராத்திரி மறுபடி தொட்டுப் பார்க்கணும்.