இடது கைக்கு ஒரு ஸ்வெட்டர்

டிசம்பர் 2, செவ்வாய்

டயாலிசிஸில் அண்ணன் இன்றும் நடுங்கினார். போர்வையை இரண்டாக மடித்துப் போர்த்தியும் மூன்றாவது மணி நேரத்தில் பற்கள் கிட்டிக்கொண்டன. குழாய் வழியே வெளியே போகும் ரத்தம் சுத்தமாகித் திரும்புவதற்குள் சூட்டை இழந்துவிடுகிறது, ரத்தசோகை வேறு, அறையில் ஏசியை நிறுத்தவும் வழியில்லை. ஊசி குத்திய இடம் எப்போதும் கண்ணில் பட வேண்டும் என்பதால், கையை மூடும்போதெல்லாம் செவிலியர் போர்வையை விலக்குகிறார். அவர் செய்வது சரிதான். நான் ஸ்வெட்டர் பின்னப்போகிறேன்.

டிசம்பர் 3

விளக்குத்தூண் பக்கம் போய் நூல் வாங்கினேன். சுத்தக் கம்பளி வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறினால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கிறது, அதன்மேல் கம்பளியும் உறுத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டிய துணி இது, வெந்நீர் பட்டால் கம்பளி சுருங்கிக் கெட்டியாகிவிடும். செயற்கை இழையான அக்ரிலிக்கில் மிருதுவான 'பேபி வுல்' எடுத்தேன். கறை தெரியாது, மெரூன் எடு என்றார் அண்ணி. கறை தெரியத்தான் வேண்டும். ஒரு சொட்டு கசிந்தாலும் தூரத்திலிருந்தே தெரிகிற சந்தன நிறத்தை எடுத்து வந்தேன்.

டிசம்பர் 5

மாதிரித் துண்டு பின்னிப் பார்த்தேன். 8-ஆம் எண் ஊசியில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள் வருகின்றன. முதுகுக்கு 52 சென்டிமீட்டர் வேண்டும், ஆகவே 114 கண்ணிகள். இரவே போட்டுவிட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

இன்று அளவெடுத்தேன். மார்பு, தோள், வலது கை எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தன. இடது கையை அவர் தலையணை மேல் நீட்டி வைத்தார். ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இணைப்பு, போட்ட கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, வளையமோ கடிகாரமோ இறுகக் கூடாது, அந்தக் கையின் மேல் படுக்கவும் கூடாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆகவே அளவு நாடாவை இழுக்காமல் தோலின் மேல் சும்மா படரவிட்டுத்தான் எண்ணைப் பார்த்தேன். மணிக்கட்டுக்குச் சற்று மேலே விரல் வைத்தபோது, உள்ளே வண்டு முரல்வதுபோல், ஃபிஸ்டுலாவில் ரத்தம் ஓடுகிற அதிர்வு இருந்தது. காலையில் எழுந்ததும் அவர் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான். இன்று நானும் தொட்டேன், கையை எடுக்க மனம் வரவில்லை. "மதுரையில ஸ்வெட்டரா தாயி?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கையை அசைக்காமலே வெகுநேரம் வைத்திருந்தார்.

டிசம்பர் 11, வியாழன்

அண்ணனுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. காலில் தசைப்பிடிப்பு. நான் பின்னல் ஊசியைத் தொடவில்லை.

டிசம்பர் 12

எடையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே போகும்போது அவருடைய எடையைப் பார்த்து, இருக்க வேண்டிய எடையைக் கழித்து, அந்த வித்தியாசத்தைத்தான் நீராக வெளியே எடுக்கிறார்கள். ஸ்வெட்டர் 400 கிராம் இருந்து, அதைப் போட்டுக்கொண்டே அவர் எடை மேடையில் ஏறினால், உடம்பில் இல்லாத 400 மில்லிலிட்டர் நீரையும் சேர்த்து இயந்திரம் இழுத்துவிடும். அப்புறம் நேற்றைப் போல மயக்கமும் பிடிப்பும் வரும். பின்னி முடித்ததும் நிறுத்துப் பார்த்து, அந்த எண்ணை உள்கழுத்தில் நூலாலேயே எழுதிவைக்கப் போகிறேன். எடை பார்த்த பிறகுதான் போட வேண்டும் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டேன், அண்ணனிடமும் சொன்னேன், இன்னும் ஒருமுறை சொல்வேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. முதுகு முடிந்தது, முன்பக்கத் துண்டுகள் இரண்டில் ஒன்றும் முடிந்தது.

டிசம்பர் 21

இடது கை. ஸ்வெட்டரிலேயே பொறுமை கேட்கிற பகுதி இதுதான், இதற்காகத்தான் மற்றதெல்லாம். வலது கையின் முனையில் ஒரு நிட் (நேர்க்கண்ணி), ஒரு பர்ல் (எதிர்க்கண்ணி) என்று மாற்றி மாற்றிப் போட்டு இறுக்கமான பட்டி கொடுத்தேன். இடது கையில் அந்தப் பட்டி ஆகாது, அது மணிக்கட்டைப் பிடிக்கும். எல்லா வரிசையையும் நிட்டாகவே பின்னினால் ஓரம் சுருளாமலும் பிடிக்காமலும் தட்டையாக நிற்கும். மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை தையலே போடாமல் பிளவாக விட்டு, அதன் இரண்டு ஓரங்களிலும் இதே பின்னலில் பட்டை வைத்திருக்கிறேன். பிளவு கையின் உட்பக்கம் வருகிறது. ஊசி இரண்டும் அங்கேதான் ஏறும், ஒன்றில் ரத்தம் போக, மற்றதில் திரும்பி வர. திறந்து மடித்துவிட்டால் முன்கை முழுதும் வெளியே இருக்கும், தோளும் மேற்கையும் கதகதப்பாக இருக்கும். என் கையிலேயே போட்டுத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 24

குன்னத்தூர் சத்திரத்தில், புது மண்டபத்திலிருந்து மாறி வந்த கடையொன்றில் டிச் பட்டன் வாங்கினேன். சாதாரணப் பொத்தானை ஒற்றைக் கையால் போட அவருக்கு நேரமாகும்.

டிசம்பர் 25, வியாழன்

நாளெல்லாம் மருத்துவமனையில். இன்றும் நடுங்கினார். ஸ்வெட்டர் துண்டுகளை இன்னும் இணைக்கவில்லையே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

டிசம்பர் 28

இணைத்தாயிற்று. சாதாரணத் தண்ணீரில் நனைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் பரப்பிக் காயவைத்தேன். தொங்கவிட்டால் நீளும், இஸ்திரிப் பெட்டி பட்டால் அக்ரிலிக் தொய்ந்து உயிரற்றுப் போகும். மளிகைக் கடைத் தராசில் 420 கிராம். கழுத்துப் பட்டையின் உள்ளே நீல நூலால் எண்ணைத் தைத்துவிட்டேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

எடை பார்த்துவிட்டுத்தான் போட்டார். பிளவைப் பார்த்த செவிலியர், தன் கையாலேயே திறந்து மடித்துவிட்டு ஊசி போட்டார். மூன்றாவது மணி நேரத்தில் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். வரும் வழியில், முழங்கைக்கு அருகே உள்ள பட்டன் தோலில் படுகிறது என்றார். அதை இன்றிரவே பிரித்து, உள்ளே பழைய வேட்டித் துணியை இரட்டையாக வைத்துத் தைக்க வேண்டும், வியாழக்கிழமைக்குள் துவைத்தும் காய வேண்டும்.